ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடி...

"ஏன் சார், எம் பொண்ணப் பத்தி அந்தக் காயிதத்துல என்னா எழுதியிருக்கு?"

அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளில் ஆங்கிலம் எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தெரியாதா என்ன? அந்த அவசரத்துக்குக் கட்டும் அபராதம்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். ஒரு குளிர்காலத்தில் சங்கத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நீதிமன்றத்தில் ஒரு சிறுமி சாட்சி சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல நம்பிக்கையான ஆள் கேட்கிறார்கள். நீங்கள் ரிடையர் ஆகி வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்?" என்றார். ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான் என்பது தில்லியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. என் மனைவியும் அதில் சேர்த்தி. போனேன்.

சிறுமிக்குப் பதின்மூன்று வயது. சின்னசேலம் பக்கம் ஊர். தாயார் இங்கே நாலு வீட்டில் வேலை செய்கிறார், தகப்பனார் கட்டட வேலை. பெண்ணை ஊரில் பாட்டி வளர்த்திருக்கிறாள். பாட்டி காலமானதும் இங்கே அழைத்து வந்துவிட்டார்கள். வந்து சில மாதத்திலேயே, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், கண்ணெதிரில் ஓர் அடிதடி. அதில் ஓர் உயிர் போய்விட்டது. இதற்கு மேல் வழக்கின் விவரத்துக்குள் நான் போகப்போவதில்லை. போகவும் கூடாது.

தாயார் கையில் இருந்த ஆங்கிலக் காகிதத்தில் மகளை 'வல்னரபிள் விட்னஸ்' என்று குறித்திருந்தார்கள். நான் சட்டென்று, "பலவீனமான சாட்சின்னு போட்டிருக்கும்மா. அதனால ஜாக்கிரதையா விசாரிப்பாங்க. பயப்படாதீங்க" என்றேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"பலவீனமா? யாரு சார் பலவீனம்? அந்தத் தெருவுல அம்பது பேரு பாத்தாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் பாத்தத நான் சொல்றேன்னு எம் பொண்ணு ஒண்ணுதான் வந்து நிக்குது. அதப் போயி பலவீனம்னு எழுதியிருக்காங்களா?"

சிறுமி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று வழக்கை எடுத்துக்கொள்ளவும் இல்லை. மூன்று வாரம் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். சரியான சொல்லைத் தேட எனக்கு மூன்று வாரம் கிடைத்தது.

புண்ணிலிருந்து பிறந்த சொல்

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அகராதிகளை இறக்கினேன்.

லத்தீன் மொழியில் 'வுல்னுஸ்' என்றால் புண், காயம். அதிலிருந்து காயப்படுத்துவதற்கு ஒரு வினைச்சொல், அந்த வினையிலிருந்து இந்தப் பெயரடை. ஆக, வல்னரபிள் என்றால் நேர்ப்பொருளில் 'காயம் படக்கூடிய' என்பதுதான். ஆங்கிலத்துக்கு அது வந்தது 1600-களின் தொடக்கத்தில். 1623-ல் முதன்முறையாக அச்சேறிய 'மாக்பெத்' நாடகத்தின் கடைசிக் காட்சிகளில் இந்தச் சொல் வருகிறது. தன் உயிருக்கு மந்திரக் காப்பு உண்டு என்று நம்பும் மாக்பெத், எதிரியிடம் 'உன் வாளைக் காயம் படக்கூடிய தலைகள் மீது வீசிக்கொள், என் மீது வேண்டாம்' என்ற பொருளில் வீரம் பேசுகிறான். சிறிது நேரத்தில் அவன் தலையே உருள்கிறது. தன்னைக் காயமே படாதவன் என்று எண்ணியவன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவதைக் கவனியுங்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி. 'காயம்' என்றால் உடம்பு என்றும் பொருள், புண் என்றும் பொருள். இரண்டும் வேறு வேறு வழியாக வந்த சொற்களாக இருக்கலாம். ஆனால் காயம் என்று ஒன்று இருக்கும்வரை காயம் படத்தான் செய்யும் என்பதை நம் மொழி தற்செயலாகவே சொல்லிவிட்டது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். நடுவில் இருக்கும் லகரத்தை விழுங்கி 'வன்னரபிள்' என்பவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு. ஆகவே நம் பிள்ளைகள் அப்படிச் சொன்னால் உதைக்க வேண்டாம். திருத்தினால் போதும்.

'இல்லை' என்பதும் 'கூடும்' என்பதும்

பாதுகாப்பு இல்லாத நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் பெயரடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

'அன்புரொடெக்டட்' என்றால் மேலே காப்பு இல்லை. உறை பிரிந்த மின்கம்பியையும் சுவர் இல்லாத மாடியையும் இப்படிச் சொல்லலாம். 'டிஃபென்ஸ்லெஸ்' என்றால் எதிர்த்து நிற்க வழி இல்லை. ஆயுதம் ஏந்தியவன் முன் வெறுங்கையோடு நிற்பவர் நிலை அது. 'ஹெல்ப்லெஸ்' என்றால் செய்ய ஒன்றும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது. 'இன்செக்யூர்' என்பது கழன்ற பூட்டுக்கும் வரும், மனிதர் மனத்துக்கும் வரும். பூட்டு நன்றாக இருந்தும், பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறாரே, அவர் நிலை இது. (நானும் அந்த ஜாதிதான்.)

இந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் முன்னாலோ பின்னாலோ ஓர் 'இல்லை' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் அப்படித்தான். பாதுகாப்பற்ற, ஆதரவற்ற, நாதியற்ற, திக்கற்ற என்று எல்லாம் 'அற்ற'வில் முடிகின்றன. இவை ஒருவரிடம் எது இல்லை என்று கணக்கெடுக்கும் சொற்கள்.

வல்னரபிளில் அந்த 'இல்லை' கிடையாது. அதன் வாலில் இருப்பது 'கூடும்'. உடையக்கூடிய, வளையக்கூடிய என்பதைப் போலக் காயம் படக்கூடிய. இல்லை என்பதை இந்தச் சொல்லின் முன்னால் சேர்த்தால் எதிர்ப்பதம் பிறக்கிறது. 'இன்வல்னரபிள்' என்றால் காயமே படாதவர். அப்படிப்பட்டவர் புராணத்தில்தான் உண்டு. அங்கும் ஏதோ ஓர் ஓட்டை இருக்கும். கிரேக்கத்து அக்கிலீஸை அவன் தாய் ஸ்டிக்ஸ் நதியில் முக்கி எடுத்தபோது, அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. காந்தாரி கண் திறந்து பார்த்தபோது துரியோதனன் மறைத்துக்கொண்ட தொடை மட்டும் வஜ்ஜிரமாகவில்லை என்று நம் ஊர்க் கதாகாலட்சேபத்தில் சொல்வார்கள்.

இன்னொரு இலக்கண விஷயம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' என்ற முன்னிடைச்சொல் வரும். எதனால் காயம் படக்கூடும் என்று அது சொல்லும். வாக்கியத்தில் அந்த 'டு' வெளிப்படையாக இல்லாவிட்டாலும், படிப்பவர் 'எதற்கு?' என்று கேட்டே ஆக வேண்டும். 1997-ல் மத்திய அரசின் சார்பில் 'வல்னரபிலிடி அட்லஸ்' என்று ஒரு வரைபடத் தொகுப்பு வெளிவந்தது. 2006-லும் 2019-லும் அதைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த வகைச் சுவர், எந்த வகைக் கூரை உள்ள வீடுகள் எத்தனை, நிலநடுக்கம், புயல், வெள்ளம் வந்தால் அவற்றுக்கு எவ்வளவு சேதம் வரக்கூடும் என்று அது காட்டுகிறது. ஒரே பூகம்பத்தில் மண்சுவர் வீடு விழும், கம்பி போட்டுக் கட்டிய கான்கிரீட் வீடு நிற்கலாம். எந்த வீடு, எந்த ஆபத்துக்கு முன்னால் என்பதுதான் அங்கே கேள்வி. வீடு நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை.

'பலவீனம்' என்று நான் சொன்னதில் இருந்த தவறு எனக்கு இங்கேதான் புரிய ஆரம்பித்தது. பலவீனம் ஆளுக்குள் இருப்பது. வல்னரபிள் என்பதோ ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருப்பது.

ஜெயித்தவனுக்கு வந்த பட்டம்

இதை நண்பர்களிடம் சொன்னபோது, அவர்களில் ஒருவர் சிரித்தார். "இத்தனை வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டுல பிரிட்ஜ் ஆடறீர். வல்னரபிள்னா என்னன்னு உமக்குத் தெரியாதா?" என்றார்.

தலையில் குட்டியது போல் இருந்தது. சீட்டாடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்ஜில் மூன்று கேம் கொண்டது ஒரு ரப்பர். முதலில் இரண்டு ஜெயித்த கட்சிக்கு ரப்பர். ஒரு கேம் ஜெயித்துவிட்ட கட்சியைத்தான் அந்த ஆட்டத்தில் வல்னரபிள் என்பார்கள். தோற்ற கட்சிக்கு அந்தப் பெயர் கிடையாது! அதற்குப் பிறகு அந்தக் கட்சி ஏலம் கேட்டபடி எடுக்க முடியாமல் போனால், குறையும் ஒவ்வொரு பிடிக்கும் 50 புள்ளிக்குப் பதில் 100 அபராதம். ஆனால் சின்ன ஸ்லாம் அடித்தால் 500-க்குப் பதில் 750 பரிசு. பெரிய ஸ்லாமுக்கு 1000-க்குப் பதில் 1500.

இந்த முறையை வகுத்தவர் அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்டு வாண்டர்பில்ட். 1925-ல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பலில் நண்பர்களோடு புதிய விதிகளை ஆடிப் பார்த்திருக்கிறார். ஒரு கேம் ஜெயித்த கட்சியை என்ன பெயரால் அழைப்பது என்று தெரியாமல் இருந்தபோது, கப்பலில் இருந்த ஓர் இளம்பெண் வல்னரபிள் என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவள் பெயர் அவருக்கு நினைவில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சொல்லின் உயிர் தெரிந்திருக்கிறது. முன்னேறி வந்து நிற்பவனுக்குத்தான் அடியும் பலமாக விழும்.

சுற்றி நின்ற ஐம்பது பேரும் வல்னரபிள் அல்லர். அவர்கள் ஆட்டத்துக்கே வரவில்லை. வாய் திறந்து முன்னால் வந்து நின்ற அந்தச் சிறுமிக்குத்தான் அந்தப் பட்டம். தாயார் சொன்னதும் அதைத்தானே?

கவசம் போட்ட மிருகமும் கவசத்தைக் கொடுத்தவனும்

தேடிக்கொண்டே போனால் இந்தச் சொல் எங்கும் கண்ணில் படுகிறது. பேரன் பள்ளிப் புத்தகத்தைக் காட்டினான். உலக அளவில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் மூன்று அபாயப் படிகள் இருக்கின்றன. அவற்றில் முதல் படிக்கு வல்னரபிள் என்று பெயர். அதற்கும் மேலே இன்னும் மோசமான இரண்டு படிகள்.

அந்த முதல் படியில் நம் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் இருக்கிறது. தோலே கவசம் போல மடிப்பு மடிப்பாக, இரண்டு டன் எடை வரை வளரக்கூடிய மிருகம். அதைப் பலவீனம் என்று யாராவது சொல்வார்களா? புலிகூட வளர்ந்த காண்டாமிருகத்திடம் யோசித்துத்தான் நெருங்கும். ஆனால் கொம்புக்காக வரும் துப்பாக்கிக்கு முன் அந்தக் கவசம் எதற்கும் ஆகாது. 2008-ல் அதை இன்னும் மோசமான படியிலிருந்து இறக்கி இந்தப் படிக்குக் கொண்டுவந்தார்கள். காவல் பலப்பட்டு எண்ணிக்கை பெருகியதுதான் காரணம். 2022 கணக்கெடுப்பில் அசாமின் காசிரங்காவில் மட்டும் 2,613 இருந்தன. வல்னரபிள் என்று பெயர் வாங்கியது அதற்கு நல்ல செய்தி!

காண்டாமிருகத்தின் கவசத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கர்ணன் நினைவு வந்தது. கவச குண்டலத்தோடு பிறந்தவன். அது உடலில் இருக்கும்வரை அவனை யாராலும் கொல்ல முடியாது. இந்திரன் அந்தணன் வேடத்தில் யாசிக்க வரப்போகிறான் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அறுத்துக் கொடுத்தான். அந்த நிமிடத்திலிருந்து அவன் காயம் படக்கூடியவன் ஆகிவிட்டான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பலவீனமா? 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்துவிட்டு அழுத நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

சொல்லை மாற்றினால் பழி இடம் மாறும்

அலுவலகத்தில் இருந்தபோது நானே பார்த்த ஒரு மாற்றமும் நினைவுக்கு வந்தது. பழங்குடி மக்களுள் மிகவும் பின்தங்கிய நிலையில் இருந்த சில குழுக்களை மத்திய அரசு தனியாகப் பட்டியலிட்டது. 1975-ல் 52 குழுக்கள். 1993-ல் மேலும் 23 சேர்ந்து 75 ஆனது. அவர்களுக்கு அரசு வைத்திருந்த பெயரில் 'பிரிமிடிவ்' என்ற சொல் இருந்தது. அதாவது ஆதிகால நிலையில் இருப்பவர்கள். 2006-ல் அதை எடுத்துவிட்டு, 'குறிப்பாக வல்னரபிள் ஆன' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு குழுக்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பழைய பெயர் அந்த மக்களைப் பார்த்துக் கை நீட்டியது. குறை அவர்களிடம் என்றது. புதிய பெயர் அவர்களைச் சூழ்ந்திருக்கும் ஆபத்தின் பக்கம் விரலைத் திருப்புகிறது. எதற்கு முன் அவர்கள் காயம் படக்கூடியவர்கள்? காடு கைவிட்டுப் போவதற்கு, நோய்க்கு, கடனுக்கு. பெயரை மாற்றியதால் மட்டும் வயிறு நிறையாது என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்க அது உதவுகிறது.

நம்மையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1979-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் நான் தில்லியில் வந்து இறங்கியபோது ஆங்கிலத்தில் முதல் வகுப்புப் பட்டதாரி. ஆனால் கால் கிலோ கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கத் தெரியாது. ஆட்டோக்காரர் கரோல் பாகைச் சுற்றோ சுற்று என்று சுற்றிக் காட்டிக் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். நான் பலவீனமானவனாக வரவில்லை. மொழி தெரியாத ஊரில் வந்து நின்றேன், அவ்வளவுதான். ஊரில் இருந்திருந்தால் அந்தச் சிறுமிக்கும் மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

சட்டத்தில் இந்தச் சொல்

சங்கத்தில் வழக்கறிஞர் நண்பர் ஒருவர் இருக்கிறார். நீதிமன்றத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த கதையை அவர் சொன்னார். 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பாலியல் கொடுமை வழக்குகளில் குழந்தைகள் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி திரை போன்ற ஏற்பாடு வேண்டும் என்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பவம் பற்றிய கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதி அதைக் குழந்தைக்குப் புரியும்படி கூச்சம் தராத மொழியில் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. 2012-ல் தில்லி கர்க்கடூமா நீதிமன்ற வளாகத்தில் இப்படிப்பட்ட சாட்சிகளுக்கென்றே தனி மையம் ஒன்று திறந்தார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் குறைந்தது இரண்டு மையங்களாவது வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் இந்தச் சொல்லின் எல்லையையும் விரிவாக்கியது. அதன்பின் குழந்தைகள் மட்டுமல்லாமல் மனநோய் உள்ளவர்கள், பேச்சோ செவியோ குறைந்தவர்கள், உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்கள் முதலியோரும் இதில் அடங்குவர்.

"இதுல ஒண்ணு கவனிச்சீரா?" என்றார் நண்பர். "ஒருத்தரை வல்னரபிள்னு எழுதினா சட்டத்துல சாட்சிக்கு எந்தப் பொறுப்பும் கூடறதில்ல. கோர்ட்டுக்குத்தான் கூடறது. தனி வாசல் வைக்கணும், தனி அறை வைக்கணும், திரை போடணும். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் நீதிபதி."

அர்த்தம் இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வள்ளுவர் கொடுத்த கை

அரசுத் தமிழில் 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய' என்று எழுதுகிறார்கள். பொருள் சரிதான். ஆனால் மூச்சு வாங்குகிறது. 'நலிந்த' என்றால் மறுபடி பலவீனத்தில் போய் முட்டுகிறது. 'அற்ற' என்று முடியும் சொற்களையே சுற்றிச் சுற்றி வந்தவன், ஒரு நாள் அதே வேரில் முளைத்த இன்னொரு சொல்லில் இடறி விழுந்தேன். அது 'அற்றம்'.

அறு என்ற வேரிலிருந்து வந்தது. அழிவு, சோர்ந்திருக்கும் சமயம், பிறர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டியது என்று பல பொருள் உண்டு. திருக்குறளில் இது வரும் இடங்களைத் தேடினேன். அறிவுடைமை அதிகாரத்தின் முதல் குறளில், அழிவு நெருங்காமல் காக்கும் ஆயுதம் அறிவே என்கிறார் வள்ளுவர். அங்கே அழிவுக்கு அவர் இட்ட பெயர் அற்றம். 1186-ஆம் குறளில் பிரிவால் வாடும் தலைவி பேசுகிறாள். விளக்கு எப்போது அணையும் என்று இருள் காத்திருப்பது போல, கணவனின் தழுவல் எப்போது நெகிழும் என்று பசலை காத்திருக்கிறதாம். அந்த நெகிழும் கணத்துக்கும் அதே பெயர்தான். விளக்கு பலவீனமானதல்ல. ஆனால் இருள் அதைச் சுற்றி நின்று சமயம் பார்க்கிறது.

மூன்றாவது இடம்தான் என்னை எழுந்து உட்காரவைத்தது. பெருமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 980. பெரியவர்கள் பிறருடைய அற்றத்தை மூடிக் காப்பார்கள், சிறியவர்கள் குற்றத்தை மட்டுமே எடுத்துப் பேசுவார்கள் என்பது அதன் கருத்து. நீதிமன்றத்தில் போடும் திரைக்கு இதைவிடப் பொருத்தமான உரை உண்டா?

நடைமுறையில் 'அற்றமுடைய சாட்சி' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த தேதி

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். தாயும் மகளும் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். மரியாதைக்கு வணக்கம் சொன்னார்களே தவிர, அந்த அம்மாள் முகத்தில் பழைய கோபம் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"அம்மா, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். "அது பலவீனம் இல்ல. உங்க பொண்ணு துணிஞ்சு முன்னால வந்து நிக்குது. முன்னால நிக்கிறவங்க மேலதான் அடி படும். அதனால இந்தப் பொண்ணுக்குக் காயம் படாம நாம சுத்தி நின்னு மறைச்சுக் காப்பாத்தணும்னு எழுதியிருக்காங்க. அதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அது எம் பொண்ணுக்கு எழுதினது இல்ல சார். அவங்களுக்கு அவங்களே எழுதி வச்சிக்கினது" என்றார்.

சட்டம் படித்த என் நண்பர் கால் மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

உள்ளே அழைத்தார்கள். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று நான் உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். நீதிபதி முதலில் அவளிடம் ஊரைப் பற்றியும், பாட்டியைப் பற்றியும், என்ன படிக்கிறாய் என்றும் கேட்டார். பிறகு மெதுவாக அந்த நாளுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு இடங்களில் அவள் குரல் நின்றது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் காத்திருந்தார். அவள் தொடர்ந்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல் சொல்ல வேண்டுமே என்று எனக்குத்தான் கை நடுங்கியது. அந்த அறையில் பலவீனமானவர் யாராவது இருந்தார் என்றால், அது மொழிபெயர்ப்பாளர்தான்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள், "டீ சாப்பிட்டுத்தான் சார் போகணும்" என்று விடாப்பிடியாக நின்றார். குடித்தோம். சிறுமி அப்போதுதான் முதன்முறையாக என்னிடம் தானாகப் பேசினாள். "தாத்தா, நான் சொன்னத எல்லாம் நீங்க அப்பிடியே சொன்னீங்கதானே?"

"அப்படியேதாம்மா சொன்னேன்" என்றேன். அன்றைக்கு நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான்.

வாசக அன்பர்களே, வல்னரபிள் என்ற சொல்லை இனி எங்கே பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எதனால் காயம் படக்கூடியவர்? அவரைக் காக்க வேண்டியவர் யார்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். என்னைப் போல அரை நிமிடத்தில் தப்பு செய்வீர்கள். இதைவிட நல்ல தமிழ்ச்சொல் உங்களுக்குத் தோன்றினால் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்காக நீதிமன்றத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ மொழிபெயர்க்க ஆள் கேட்டுச் சங்கத்துக்குத் தொலைபேசி வருவதுண்டு. அடுத்த முறை அது உங்களைத் தேடி வந்தால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.